உப்பு இறங்கிப்போன வழி

பூமியின் உச்சந்தலையில் கடலும் இருட்டும் மட்டுமே இருந்த அந்தக் காலத்தில், உயிர் உள்ளவையும் இல்லாதவையும் ஒன்றோடொன்று பேசின. பனியும் உப்பும் கடல் பெற்ற பிள்ளைகள். பனி அண்ணன், உப்பு தம்பி. குளிர் வந்தால் பனி தம்பியை இறுக அணைத்துக்கொண்டே உறையும். அதனால் கனத்துப்போய், சிறிது நேரம் மிதந்துவிட்டுக் கடலடிக்குப் போய்விடும்.

இதில் சங்கடம் சாம்பலி என்ற கடல்நாய்க்குத்தான். கடல்நாய்க் குட்டிக்குப் பிறந்தவுடன் நீந்த வராது. போன குளிர்காலத்தில் சாம்பலி ஒரு பனிப்பாளத்தின்மேல் ஈன்றது. குட்டி பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே பாளம் மூழ்கிவிட்டது.

இந்த முறை வயிறு கனத்ததும் அது பனியிடமே வந்தது.

"அண்ணே, இந்தக் குட்டி பால் மறக்கும்வரை கொஞ்சம் மேலேயே இரேன்."

பனி தன்னால் ஆகாது என்றது. தம்பியின் பாரம் கீழே இழுக்கிறது. தம்பியைத் தனியே விடவும் மனமில்லை. மூச்சுவிட மேலே வந்த கிழத் திமிங்கலம் இதைக் கேட்டுச் சிரித்தது.

"என்னைப் போலத் தண்ணீரிலேயே பெற்றுப் போடேன். இதற்குப் போய் ஊரைக் கூட்டுகிறாயே."

அதற்குள் சாம்பலிக்கு வலி எடுத்துவிட்டது. கிட்டத்தில் இருந்த பாளத்தில் ஏறிப் படுத்தது. வெள்ளையாக, ஈரமாக, ஆவி பறக்கக் குட்டி விழுந்தது. பாளத்தின் ஓரம் அதற்குள் தண்ணீரில் இறங்கத் தொடங்கியிருந்தது. சாம்பலி குட்டியை மூக்கால் தள்ளித் தள்ளி மேட்டுக்கு ஏற்றியது. மேடும் இறங்கியது.

அப்போது வானத்தில் பச்சை ஒளி ஒன்று ஓடிப் பரவியது. அந்த வெளிச்சத்தில், பனிக்குள்ளிருந்த உப்பு குட்டியைப் பார்த்தது. குட்டி தாகத்தில் பனியை ஒருமுறை நக்கி, அது கரிக்கவே முகத்தைச் சுளித்தது.

"நான் போகிறேன் அண்ணா," என்றது உப்பு.

"எங்கேடா?"

"கீழே. நான் போனால் நீ மிதப்பாய்."

பனி தம்பியை ஒருமுறை இறுக அணைத்தது. பிறகு தன்னிடமிருந்த குளிரில் பாதியைக் கட்டுச்சோறு போலக் கட்டித் தம்பியிடம் கொடுத்தது. போகிற வழி தூரம் என்றது.

"ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் கட்டிக் கொடு," என்றது தம்பி. "தீர்ந்துவிட்டால் என்னால் நடக்க முடியாது."

உப்பு பனியில் மயிரிழை போல வழிகள் துளைத்துச் சொட்டுச் சொட்டாக இறங்கியது. இருண்ட நீரில் வெள்ளை நூல்கள் தொங்கின. அவை அடியைத் தொட்டதும், அதுவரை அசையாமல் கிடந்த ஆழம் முழுவதும் மெதுவாகத் தெற்கே நகரத் தொடங்கியது. திமிங்கலம் மூச்சுவிட மறந்து பார்த்தது. பாளம் ஒருமுறை நடுங்கி மேலே வந்தது. சாம்பலி ஒருக்களித்துப் படுத்துக் குட்டிக்குப் பால் கொடுத்தது.

அன்று முதல்தான் பனி கடல்மேல் மிதக்கிறது. பழைய கடற்பனியை உருக்கிக் குடித்தால் கரிப்பதில்லை. தம்பி சுமந்துவரும் குளிரால்தான் வெயில் கொளுத்தும் நம் கடலிலும் ஆழத்துத் தண்ணீர் சில்லென்று இருக்கிறது. இப்போது அந்தப் பனி வருடத்துக்கு வருடம் மெலிந்துவருகிறது. அங்கே போய்ப் பனியைத் துளையிட்டுத் தடிமன் அளக்கிற ஆராய்ச்சியாளர்கள், வெட்டியெடுத்த துண்டை வெளிச்சத்தில் பிடித்து அந்த மயிரிழை வழிகளைப் பார்க்கிறார்கள். அவர்கள் அறிய விரும்புவது ஒன்றுதான்: அண்ணன் இந்தக் குளிர்காலம் கட்டிக் கொடுத்தது தம்பிக்குப் போதுமா.