ஆணியில் தொங்கிய டம்ளர்

எங்கள் மடத்துச் சாமிக்கு இசக்கியப்பனைவிடப் பத்து வயது குறைவு. அதனால் என்ன? சீடன் என்று வந்துவிட்ட பிறகு வயதையா பார்ப்பார்கள்? சாமி அவரை ‘அண்ணாச்சி’ என்பார். அவர் சாமியைச் ‘சாமி’ என்பார். ரெண்டு பேருக்கும் பொங்கிப் போடுகிறவள் நான், பூரணம்.

இசக்கியப்பன் பெயிண்டர். திருநெல்வேலியில் உயரமான கட்டடங்களுக்கு வெளிப்பக்கம் கயிற்றில் தொங்கிக்கொண்டு பெயிண்ட் அடிப்பார். வேலை இல்லாத நாளில் மடத்துக்கு வந்துவிடுவார். நினைத்தால் தங்குவார், நினைத்தால் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குக் கிளம்பிவிடுவார். மலையடிவாரத்தில் எங்களுக்கு அவரைக் கேள்வி கேட்கவா நேரம்?

அன்றைக்கு வந்தவர் நேரே சாமி முன்னால் போய் உட்கார்ந்தார்.

“சாமி, அடுத்த மாசம் பன்னிரண்டு மாடி வேலை ஒண்ணு ஆரம்பிக்கு. காண்ட்ராக்டர் ரெண்டு வழி சொல்லுதாரு. பேரைப் பதிஞ்சா பி.எஃப்., இ.எஸ்.ஐ.ன்னு சம்பளத்துல பிடிப்பாங்களாம், அடிகிடி பட்டா ஆஸ்பத்திரிச் செலவு பார்ப்பாங்களாம். பதியாட்டி கணக்குல இல்லாம முழுசா கையில வாங்கிக்கலாமாம். எது நல்லது?”

“வீட்டுல என்ன சொல்லுதாங்க?”

“மாரித்தங்கம் பதியத்தான் சொல்லுதா. பொம்பளப் பிள்ளை பத்தாவது படிக்கா, நீங்க தொங்குதது கயித்துலன்னு ஒரே அழுகை. அவளுக்கு என்ன தெரியும்? இத்தனை வருசமா தொங்குதேன், ஒரு கீறல் உண்டா? நாளைக்கு மத்தியானம் பதில் சொல்லணும், சாமி.”

“காலையில சொல்லுதேன், அண்ணாச்சி.”

அவ்வளவுதான். சாமி எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். இசக்கியப்பனுக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

இந்த இடத்தில் எங்கள் மடத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அடுக்களைச் சுவரில் வரிசையாக ஆணி அடித்திருக்கும். ஆளுக்கொரு ஆணி, அதில் கயிறு கட்டிய டம்ளர். மேலே சுனைக்குப் போகிறவர் தன் டம்ளரை எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். ஆணி காலி என்றால் ஆள் மலையில் என்று எனக்குத் தெரியும். விளக்கு வைக்கிற நேரத்திலும் காலியாக இருந்தால் மணியடிப்பேன். நாலு பேர் தீப்பந்தத்தோடு தேடிப் போவார்கள். கரடி நடமாடுகிற மலை. டார்ச் லைட்டையெல்லாம் அது மதிக்காது.

டம்ளர் எடுத்துப் போனவர் திரும்பும்போது ஒரு கட்டுச் சுள்ளி பொறுக்கி வந்து அடுக்களையில் போட வேண்டும். இதுவும் வழக்கம்தான். அடுப்புக்கும் பந்தத்துக்கும் அந்தச் சுள்ளிதான். யாருக்கும் இதில் பிரியம் கிடையாது. கோலப்பன் என்று ஒரு தடிப்பயல் இருக்கிறான். போன வாரம் ஒரு கட்டைக் கொண்டுவந்து தொப்பென்று போட்டுவிட்டு, இடுப்பு போச்சு, எலும்பு போச்சு என்று அரை நாள் முனகினான்.

இசக்கியப்பனுக்கோ சுள்ளி என்றாலே வேப்பங்காய். டம்ளரை எடுத்தால்தானே கட்டு? நான் புளி கரைக்கிற நேரமாகப் பார்த்து, டம்ளரை ஆணியிலேயே விட்டுவிட்டு, எனக்குத் தெரியாமல் பின்வாசல் வழியாகச் சுனைக்கு நழுவிவிட்டார். கையை வீசிக்கொண்டு போய்க் கையை வீசிக்கொண்டே வரலாம் அல்லவா! பெரிய கெட்டிக்காரர்.

விளக்கு வைக்கையில் சுவரைப் பார்த்தேன். ஒரே ஒரு ஆணிதான் காலி. கோலப்பனுடையது. தின்றால் தூங்குவான், தூங்கினால் எழுந்திருக்க மாட்டான். எங்கேயோ விழுந்து கிடக்கிறான் மூதேவி என்று திட்டிக்கொண்டே மணியடித்தேன். நாலு பேர் போனார்கள். சுனைப் பாறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தவனை உலுக்கி எழுப்பிக் கூட்டி வந்தார்கள். கொஞ்சம்கூட வெட்கமில்லாமல் மூன்று தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

“இசக்கியப்பன் எங்க?” என்று யாரோ கேட்டார்கள்.

டம்ளர் ஆணியில் தொங்கியது. “ஊருக்குக் கிளம்பியிருப்பாரு” என்றேன்.

சாமியும் சுவரைப் பார்த்தார். “பதிலை அவரே கண்டுபிடிச்சிட்டாரு போல” என்றார். நான் கதவைச் சாத்தினேன்.

விடிந்ததும் வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தால், மனுஷன் வாசலில் கிடக்கிறார். கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருக்கிறது. முழங்கையெல்லாம் ரத்தம். உட்கார்ந்தபடியே மலையிலிருந்து சறுக்கிச் சறுக்கி இறங்கி வந்திருக்கிறார். நான் போட்ட கூச்சலில் மடமே கூடிவிட்டது.

தூக்கிவந்து அடுப்புப் பக்கத்தில் உட்கார வைத்தோம். சாமி காலைத் தொட்டுப் பார்த்தார். நல்லவேளை, எலும்பு தப்பித்திருந்தது.

“ஒரு நாதி வரலையே, சாமி! இருக்கானா செத்தானான்னு ஒருத்தராவது…” இசக்கியப்பன் குழந்தை மாதிரி அழுதார். “என் பிள்ளை முகம்தான் கண்ணு முன்னால நின்னுச்சு.”

“வீட்டுல தேடலையா?”

“அவ நான் மடத்துல இருக்கேன்னு நினைச்சிருப்பா. நீங்க நான் வீட்டுல இருக்கேன்னு நினைச்சிட்டீங்க.”

“எங்க விழுந்தீங்க?”

“சுனைக்குக் கீழ. பாசி வழுக்கி, பாறை இடுக்குல. எந்திரிக்க முடியல. இருட்டிப்போச்சு. பந்த வெளிச்சம் தெரிஞ்சுது, சாமி. நம்ம ஆளுங்கதான். என் தலைக்கு மேலயே வந்தாங்க.”

“கூப்பிட்டாங்களா?”

“கூப்பிட்டாங்க. ‘கோலப்பா, கோலப்பா’ன்னு.”

“நீங்க?”

“தொண்டை கிழியக் கத்தினேன். தண்ணி விழுற சத்தத்துல கேக்கல.”

“கோலப்பன் கிடைச்சானா?”

“கிடைச்சான்.”

“பொறவு?”

“திரும்பிப் போயிட்டாங்க.”

“ஏன்?”

இசக்கியப்பன் சுவரைப் பார்த்தார். அவருடைய டம்ளர் ஆணியில் சமத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

சாமி அதை எடுத்து என்னிடம் நீட்டினார். சுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தேன். இசக்கியப்பன் ரெண்டு கையாலும் பிடித்துக் குடித்தார்.

“மத்தியானம் காண்ட்ராக்டருக்கு என்ன சொல்லப் போறீங்க?” என்று சாமி கேட்டார்.

“பேரைப் பதியத்தான் சொல்லணும்.” சொல்லிவிட்டாரே ஒழிய, மனசு ஆறவில்லை. ஆள் அப்படி. டம்ளருக்குள்ளேயே முனகினார். “ஆனாலும் மாசாமாசம் பிடிச்சுக்கிடுவாங்களே, சாமி. அது எங்க போவுதோ, என்னத்துக்கு ஆவுதோ!”

சாமி அடுப்பில் ரெண்டு சுள்ளியைத் தள்ளினார்.

“ராத்திரி உங்க தலைக்கு மேல வந்த பந்தம், கோலப்பன் போன வாரம் முனகிக்கிட்டே சுமந்த கட்டு, அண்ணாச்சி.”