முழங்கால் மடித்த ஒட்டகம்

ஒரு காட்டில் சண்டை தீர்த்துவைக்கும் யானை ஒன்று இருந்தது. யார் மோதிக்கொண்டாலும் நடுவே போய் நிற்கும். ஒரு காலைத் தூக்கி, ஒரே முறை பிளிறும். சண்டை நின்றுவிடும். அதில் யானைக்குக் கர்வம் உண்டு.

அதன் புகழைக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். ஒன்று, பாலைவனத்தில் சமாதானம் பேசும் ஒட்டகம். மற்றொன்று, பனிநாட்டு ஏரியில் சமாதானம் பேசும் வாத்து. ஒருவர் வழியை மற்றவர் கற்றுக்கொள்ளலாம் என்பது அவர்கள் எண்ணம்.

"எங்கள் ஏரியில் ஒரு சண்டை தீர ஒரு குளிர்காலமே ஆகிறது, அண்ணா. அவர்கள் கத்துவார்கள். அவர்களைவிட நான் அதிகம் கத்துவேன்" என்றது வாத்து.

"எனக்கு ஒரு பிளிறல் போதும். வாருங்கள், காட்டுகிறேன்" என்றது யானை.

காட்டில் இருந்தது ஒரே குளம். அதற்காகப் பன்றிகளும் மான்களும் மோதியபோது, காலையும் மாலையும் பன்றிகளுக்கு, உச்சிவேளை மான்களுக்கு என்று யானை பிரித்துக் கொடுத்திருந்தது.

அன்று மாலை, சேற்றில் புரண்டபடி பன்றி உறுமியது: "யானையார் தீர்ப்பு என்றால் தீர்ப்புதான்!"

கரைக்கு எட்டத்தில் ஒரு மான் நின்றது. "உனக்கும் திருப்திதானே?" என்று யானை கேட்டது. மான் தலையை ஆட்டியது.

"பார்த்தீர்களா?" என்று யானை விருந்தாளிகள் பக்கம் திரும்பியது.

ஒட்டகம் மானின் அருகே போனது. முழங்கால்களை மடித்து, வயிறு மண்ணில் பட உட்கார்ந்தது. அதன் நாட்டில் சமாதானம் பேசுகிறவர் நின்றுகொண்டு கேட்பதில்லை. கழுத்தைத் தாழ்த்தி, மானின் வாயருகே காதை வைத்துக் காத்திருந்தது. வாத்து அலகைத் திறந்து, மூடிக்கொண்டது.

வெகுநேரம் கழித்து மான் முணுமுணுத்தது.

"உச்சி வெயிலில் குட்டிகளால் இவ்வளவு தூரம் நடக்க முடியவில்லை, ஐயா. மூத்தது வழியிலேயே விழுந்து செத்துப்போனது. இளையது அந்தப் புதரில் நாக்கு வறண்டு கிடக்கிறது."

"இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

யானையின் குரல் உயர்ந்தது. மான் நாலடி பின்னால் துள்ளி நடுங்கியது.

யானைக்குப் புரிந்துவிட்டது. தீர்ப்புச் சொன்ன அன்றைக்கும் மான் இப்படித்தான் நடுங்கியது. அது 'சரி' என்றது தீர்ப்புக்கு அல்ல, தூக்கிய காலுக்கு. யானையின் தலை தானாகக் கவிழ்ந்தது.

"நானும் இதுவரை யாரையும் முழுக்கப் பேச விட்டதில்லை" என்றது வாத்து, மெல்ல.

"என்னைத் தேடி வந்தவர்களிடம்தான் நானும் கேட்டிருக்கிறேன். உங்களைப் போலச் சண்டை நடக்கும் இடத்துக்குப் போனதில்லை" என்றது ஒட்டகம்.

அந்த நல்ல சொல் யானைக்கு இன்னும் வலித்தது. அது தட்டுத்தடுமாறி மண்டியிட்டது.

"மான் அம்மா, உன் குட்டியைக் கூட்டி வா."

"இது எங்கள் நேரமாயிற்றே!" என்று பன்றி சீறியது.

யானை பிளிறவில்லை. "தீர்ப்புத் தப்பு, தம்பி. தப்பு என்னுடையது. உட்கார்ந்து மறுபடி பேசுவோம். இப்போது அந்தக் குட்டி குடிக்கட்டும்."

பன்றி யானையைப் பார்த்தது. பிறகு, சேற்றை விட்டு விலகியது.

மான் குட்டியோடு வந்தது. யானை இருந்த பக்கமாக வரவில்லை. குளத்தைச் சுற்றிக்கொண்டு எதிர்க்கரைக்குப் போய், யானைமேல் வைத்த கண்ணை எடுக்காமல், குட்டியைக் குடிக்கவிட்டது.

குட்டி குடித்து முடிக்கும்வரை யானை தலையை நிமிர்த்தவே இல்லை.

நீதி: பயந்தவரின் மௌனத்தைச் சமாதானம் என்று எண்ணாதே.