கமாலுதீனுக்கு ஒரு வலைப்பக்கம்

விருத்தகிரிக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். எடுத்தேன் கவிழ்த்தேன் என்று எதையாவது செய்துவிட்டு, அப்புறம் தனியாக உட்கார்ந்து வருந்துகிற ரகம். அப்படித்தான் ஒரு சாயங்காலம் கேரம் கிளப்பில், எல்லார் முன்னாலும், எதிரே உட்கார்ந்திருந்த கமாலுதீனைப் பார்த்துக் கத்தினார்.

"காயைக் கையால தள்ளுனே! கள்ளாட்டம் ஆடுறியா?"

கமாலுதீன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். முப்பது வருஷச் சிநேகம் அது.

கை காயில் படவே இல்லை என்று பக்கத்தில் நின்றவர்கள் அப்புறம் சொன்னார்கள். விருத்தகிரி வெட்கத்தை விட்டு வீடு தேடிப் போவதற்குள் கமாலுதீன் மகனோடு வெளியூர் போய்விட்டிருந்தார். பழைய நம்பரும் உபயோகத்தில் இல்லை.

மனைவி போன பிறகு விருத்தகிரிக்கு இருந்த பேச்சுத்துணை அந்த ஒருத்தர்தான். இப்போது வீட்டில் பலகையைப் போட்டு, இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒரு அடி, எழுந்து அந்தப் பக்கம் போய் ஒரு அடி. யார் ஜெயித்தாலும் சண்டை பிடிக்க ஆளில்லை. பாவம்தான், வேறென்ன சொல்ல.

ஒரு நாள் அவருக்கு யோசனை வந்தது. கமாலுதீன் காலையில் கண் விழித்ததும் செல்போனில் கேரம் என்று போட்டுத் தேடுகிற பைத்தியம். விருத்தாசலம் கேரம் கிளப்புக்கென்று ஒரு வலைத்தளம் கட்டி, அதிலேயே மன்னிப்பும் கேட்டு வைத்தால் என்றைக்காவது கண்ணில் படாதா?

கடைவீதி மாடியில் ஜெசிந்தா வலைத்தளம் கட்டச் சொல்லித் தருகிறார். விருத்தகிரிக்கு மகள் வயது. அதிகம் பேசாத பெண். ஆனாலும் விருத்தகிரி டீச்சர், டீச்சர் என்று கை கட்டாத குறையாக உட்கார்ந்து கற்றுக்கொண்டார்.

கிளப்பின் படங்களைப் போட்டார். கமாலுதீன் கோப்பை வாங்கிய படத்தைப் பெரிசாகப் போட்டார். கடைசியில், "கமாலு, தப்பு என்னுடையது. வா" என்று எழுதினார். அதற்குக் கீழே பதில் எழுத ஒரு பெட்டி. தன் மடிக்கணினியில் பக்கம் முழுசாகத் தெரிந்த அன்றைக்கே, வேலை முடிந்தது என்று வகுப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டார்.

மழைக்காலம் போய் வெயில் வந்தது. தினமும் காலையில் காபி ஆறுவதுகூடத் தெரியாமல் பக்கத்தைத் திறந்து பார்ப்பார். பெட்டி காலியாகவே இருந்தது. முதலில் கவலைப்பட்டார், அப்புறம் கோபப்பட்டார். கோபம் முற்றிப்போய், மன்னிப்பு வரிக்குக் கீழே இன்னொரு வரியையும் எழுதி வைத்தார்: "வர மனமில்லாதவன் வரவே வேண்டாம்."

அப்படியும் கோபம் ஆறவில்லை. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மாடியேறினார்.

"டீச்சர், தளத்தை மொத்தமா அழிக்கறது எப்படின்னு சொல்லிக் குடுங்க."

"ஏன் அய்யா?"

"ஒருத்தனுக்காகத்தான் கட்டினேன். அவன் எட்டிக்கூடப் பாக்கலை. கல்நெஞ்சுக்காரன்!"

ஜெசிந்தா தன் செல்போனை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"இதுல அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுங்க."

விருத்தகிரி தன் திரையின் மேலே இருந்த முகவரியைப் பார்த்துப் பார்த்து, எழுத்து எழுத்தாகப் போனில் அடித்தார். வெள்ளைத் திரை வந்தது. பக்கத்தைத் திறக்க முடியவில்லை என்றது.

"உங்க போன்ல நெட் இல்ல."

"இருக்கு. இன்னொரு தடவை போட்டுப் பாருங்க."

போட்டார். அதே வெள்ளைத் திரைதான்.

"என்னோடதுல பளிச்சுன்னு தெரியுதே டீச்சர்! இதோ, நீங்களே பாருங்க."

"உங்களோடதுல தெரியும். அது முன்னோட்டம். கட்டுறவர் தன் கம்ப்யூட்டர்ல தான் மட்டும் பாத்துக்கறது. எல்லாரும் பாக்கற மாதிரி இணையத்துல ஏத்தறதை அடுத்த வகுப்புல சொல்றதா இருந்தேன். நீங்க வரலை."

விருத்தகிரிக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"அப்போ கமாலு..."

"இப்படி ஒரு பக்கம் இருக்கறதே அவருக்குத் தெரியாது."

அடக் கடவுளே என்று விருத்தகிரி வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்று கண் கலங்கியது. ஒன்றும் அறியாத மனுஷனை இரண்டாவது தடவையும் திட்டித் தீர்த்திருக்கிறார்.

ஜெசிந்தா திரையில் இரண்டு பொத்தான்களைக் காட்டினார்.

"இது அழிக்கறதுக்கு. இது ஏத்தறதுக்கு. நீங்களே அழுத்துங்க."

விருத்தகிரியின் விரல் ஏற்றும் பொத்தான் வரைக்கும் போய் நின்றுவிட்டது. அவருக்குப் பயமாக இருந்தது.

"ஏத்தின பிறகும் அவன் வரலைன்னா என்ன பண்றது டீச்சர்?" விரலை இழுத்துக்கொண்டார். "இத்தனை நாள் அவன் மேல இருந்த கோபமாவது துணைக்கு இருந்துச்சு."

ஜெசிந்தா செல்போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"நீங்க கூப்பிட்டதே தெரியாதப்போ, இன்னிக்கு வரைக்கும் அவர் வரலைன்னே சொல்ல முடியாது அய்யா. இனிமேதான் அவரால வரவும் முடியும், வராம இருக்கவும் முடியும்."

விருத்தகிரி பக்கத்தைக் கீழே நகர்த்தி, கோபத்தில் எழுதிய அந்தக் கடைசி வரியை அழித்தார். பிறகு ஏற்றும் பொத்தானை அழுத்தினார்.