சாய்ப்புக்குள் வைத்த மல்லிகை

குற்றாலிங்கம் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். பள்ளிக்கூடம் அவரை விட்டுவிட்டது. அவர் பள்ளிக்கூடத்தை விடவில்லை. மலையடிவாரத்து ஆசிரமத்துக்கு வந்த அன்றே, தன்னைவிட இருபது வயது இளையவரான குரு தாயம்மையிடம் நேராகக் கேட்டார்.

"ரெண்டு பையங்களயும் ஒரே மாதிரிதாம்மா வளத்தேன். பெரியவன் தெனமும் போன் பண்ணுதான். சின்னவன் மொகம் குடுத்தே பேச மாட்டேங்கான். ஏம்மா அப்படி?"

"தோட்டத்தக் கொஞ்சம் பாத்துக்கிடுங்கய்யா" என்றார் தாயம்மை.

கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று என்று அவருக்கு மனக்குறைதான். ஆனாலும் வேலையில் குறை வைக்கவில்லை. கிணற்றில் தண்ணீர் பாதாளத்தில் கிடந்த கோடை அது. ஒரு சாயங்காலம் நல்ல மழை பெய்தது. மறுநாள் விடிந்ததும் வாளியையும் கயிற்றையும் எடுத்து உள்ளே வைத்துப் பூட்டினார். மழை பெய்தால் ஒரு வாரத்துக்கு எந்தச் செடிக்கும் தண்ணீர் கிடையாது. சட்டம் என்றால் எல்லாருக்கும் ஒன்றுதான்.

கிணறு ஊறியது. தாயம்மைகூட எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு" என்றார். அந்தச் சந்தோஷம் வாரக் கடைசிவரைதான். அன்று காலையில் பார்த்தால், சுவரோரத்து ஓட்டுச் சாய்ப்புக்குள் தொட்டியில் இருந்த மல்லிகை தலை தொங்கி நின்றது. வீட்டுக் கொல்லையில் பதியன் போட்டு, பஸ்ஸில் மடியிலேயே வைத்து அவர் கொண்டுவந்த கன்று. நேரே தாயம்மையிடம் ஓடினார்.

"எல்லாத்துக்கும் ஒரே மழதானம்மா பெஞ்சிது. இது மட்டும் ஏன் வாடுது?"

"மண்ணத் தொட்டுப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. இத்தனை நாளில் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை என்பது அவருக்கே வேடிக்கையாக இருந்தது.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார். முருங்கை மரத்து அடிமூட்டில் விரல் சுலபமாக இறங்கியது. வாழைக்கடியில் மண் சில்லென்று இருந்தது. கத்தரிப் பாத்தி மேலே காய்ந்து கிடந்தாலும் உள்ளே ஈரம். ஓட்டுத் தண்ணீர் சொட்டும் இடத்தில் நின்ற கனகாம்பரத்தின் அடியில் இன்னும் சேறு காயவில்லை. ஒரே தோட்டத்துக்குள் இத்தனை விதமான மழையா என்று அடுத்தது, அடுத்தது என்று போனார். கடைசியில் மல்லிகைத் தொட்டிக்கு வந்தார். விரல் இறங்கவே இல்லை. பின்னாலேயே வந்து நின்ற தாயம்மையைத் திரும்பிப் பார்த்தார்.

"இதுல ஒரு சொட்டுகூட விழல."

"மேல ஓடு இருக்கேய்யா."

"பிஞ்சுக் கன்னு, வெயிலு படக் கூடாதுன்னு நாந்தாம்மா உள்ள தூக்கி வச்சேன்." சொல்லி முடிக்கும்போது அவர் குரல் இறங்கியிருந்தது.

விரலில் ஒட்டிய புழுதியை வேட்டியில் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"இனிமே எல்லாத்துக்கும் தண்ணி விட்டுரட்டுமா?"

"எதுக்கு? கெணறு தாங்காது. மத்ததுக்கெல்லாம் ஈரம் இருக்கு. இதுக்கு மட்டும் ஒரு செம்பு போதும்."

பூட்டைத் திறந்து, தண்ணீர் இறைத்து, ஒரு செம்பு ஊற்றினார். கட்டியாகிப் போன மண் தண்ணீரை உள்ளே விடவில்லை. தண்ணீர் தொட்டி ஓரமாகவே வழிந்து, அடித் துளை வழியாக வெளியே வந்து அவர் காலை நனைத்தது. மண்ணைக் கிள்ளிப் பார்த்தார். பழையபடி புழுதி.

"வாங்கிக்கிடவே மாட்டேங்குதும்மா."

"காஞ்ச மண்ணு மொதத் தண்ணிய உள்ள விடாதுய்யா" என்றார் தாயம்மை. "கொஞ்சங் கொஞ்சமா விடுங்க. கோவத்துல செம்பக் கீழ வச்சிராதீங்க."