நிமிர்ந்து நின்ற பூமி

மலைமேல் வானம் படிப்பதற்கென்றே ஒரு மடம் இருந்தது. படிப்பை முடித்தவர் தன் கையாலேயே கோள்களைச் செய்து, விளக்கைச் சூரியனாக நடுவில் ஏற்றி, ஆசிரியர் முன் சுழற்றிக் காட்ட வேண்டும். அவர் தலையசைத்தால் அவற்றோடு ஊருக்குப் போய்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். இல்லையென்றால் இன்னொரு வருஷம் இருக்க வேண்டும்.

அன்று மாசானமுத்துவின் முறை. மடத்துக்கு வருமுன் அம்பாசமுத்திரத்தில் கடைசல் பட்டறை வைத்திருந்தவர் அவர். குழந்தைகளுக்கான மரச்செப்பு கடைவார். மயிரிழை கோணலாகச் சுற்றுகிற சாமானை அடுப்பில் போட்டுவிடுவார். ஊர்ப் பள்ளிக்கூடம் அனுப்பிய வேன் காலையிலேயே வாசலில் வந்து நின்றது.

மஞ்சக்கடம்பு மரத்தில் கடைந்து அரக்குப் பூசிய கோள்கள் வரிசையாகப் பளபளத்தன. பூமிக்குக் கீழே பம்பரம்போல ஓர் ஆணி. அதைப் பலகையில் பதித்த கல்குழியில் நிறுத்தி, சாட்டையைச் சுற்றி இழுத்தார்.

பூமி நின்றது. சுழல்கிறதா என்றே தெரியாதபடி நெட்டுக்குத்தாக நின்று சுழன்றது.

கூடப் படிக்கும் எஸ்தர் கைதட்டினாள். "பூமிக்கே முதுகை நிமித்திட்டீங்களே அண்ணாச்சி!"

ஆசிரியர் செங்கமலம் மாசானமுத்துவைவிட வயதில் இளையவர். பூமி சுழலச் சுழல, அது இருந்த பலகையை மெதுவாகத் தூக்கிக்கொண்டு விளக்கைச் சுற்றி வந்தார். போன இடமெல்லாம் வெளிச்சம் ஒரே மாதிரி விழுந்தது.

"உங்க ஊர்ல ஐப்பசி மழை உண்டா?"

"கொட்டும்மா."

"இந்த பூமியில அது எப்ப வரும்?"

மாசானமுத்து விளக்கைப் பார்த்தார். பூமியைப் பார்த்தார். ஐப்பசி எங்கேயும் இல்லை. சித்திரையும் இல்லை.

"சாய்வா இருக்கணும்னு பாடத்துல படிச்சேன்மா. கை வரலை. இவ்வளவு பெரிய கடைசல்ல ஒரு கோணல் இருக்கலாமா? யாரு அதைச் சாய்ச்சது? எதுக்குச் சாய்ச்சது?"

ஆசிரியர் பலகையைக் கீழே வைத்தார்.

"நீங்களே சாய்ச்சுப் பாருங்க. கை படக் கூடாது. சுத்துறதும் நிக்கக் கூடாது."

மாசானமுத்து குனிந்து ஊதினார். பூமி அசையவில்லை. கன்னம் உப்ப இன்னொரு முறை ஊதினார்.

"அடுப்பா ஊதுறீங்க அண்ணாச்சி?" என்றாள் எஸ்தர்.

பலகையைத் தட்டினார். தரையை உதைத்தார். பூமி லேசாக நடுங்கிவிட்டு மறுபடி நிமிர்ந்தது. தன் கைவேலையின்மேல் அவருக்கே கோபம் வந்தது.

"கை படாம எப்படிம்மா?"

"வானத்துல அது மட்டுமா இருக்கு?"

மாசானமுத்துவின் பார்வை கோள்களின் வரிசைக்குப் போனது. செவ்வாயை எடுத்தார். பூமியைக் கடைந்து மெருகேற்ற ஒரு மழைக்காலம் முழுக்க ஆகியிருந்தது. ஓங்கிய கை ஒரு கணம் நின்றது.

பூமியைப் பார்த்து எறிந்தார்.

படாரென்று சத்தம். பூமி துள்ளியது, தள்ளாடியது, விழப் போனது. எஸ்தர் "ஐயோ!" என்று எழுந்தே விட்டாள். ஆனால் பூமி விழவில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு விடாமல் சுழன்றது.

"சாஞ்சுட்டு! சாஞ்சுட்டும்மா!" மாசானமுத்து சின்னப் பையனைப்போலக் குதித்தார். "அடி வாங்கியிருக்கு! அப்ப யுரேனஸ் படுத்துக்கிட்டே உருளுதே, அது?"

"பலமான அடியா இருக்கும்."

"வியாழன் கிட்டத்தட்ட நேரா நிக்குதே?"

"ஆள் பெருசு. அவ்வளவு லேசுல சாய்க்க முடியுமா?"

எஸ்தர் விழுந்து விழுந்து சிரித்தாள். வேன் டிரைவர்கூட உள்ளே எட்டிப் பார்த்தார்.

பூமி சுழன்று ஓய்ந்து படுத்தது. அப்போதுதான் மாசானமுத்து அதன் விலாவைப் பார்த்தார். அரக்கு உரிந்து, உள்ளே மஞ்சள் மரம் தெரிந்தது. ஒரு சில்லு பெயர்ந்து மூலையில் கிடந்தது. அவர் முகம் வாடிவிட்டது.

"இந்த வருஷமும் போச்சு" என்றார்.

"யாரு சொன்னா? வேன் நிக்குது. கிளம்புங்க."

"இந்தக் காயத்தோடயா? பிள்ளைங்க முன்னால எப்படிம்மா வைப்பேன்?" ஓடிப்போய்ச் சில்லை எடுத்து வந்தார். பூமியின் விலாவில் பொருத்திப் பார்த்தார். "கொஞ்சம் வச்சிரப் பசை இருந்தாக் குடுங்க. பேர்ந்த தடம் தெரியாம ஒட்டிடுறேன்."

ஆசிரியர் சில்லை அவர் உள்ளங்கையிலேயே வைத்து விரல்களை மூடினார்.

"இதை ஒட்டிட்டா, பூமிக்கு நிலா எங்கேயிருந்து வரும்?"