குட்டைக் குழலும் பெரிய தோட்டாவும்

"குறியெல்லாம் சரியாத்தான் பார்க்கிறேன். இந்தத் துப்பாக்கிக்குத்தான் கண்ணு தெரியல" என்றாள் சௌந்தரவல்லி.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள் தமயந்தி.

மாமியாரைப் பார்த்து இப்படி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மருமகள் நிம்மதியாக நிற்க முடிகிற இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். துப்பாக்கி சுடுதளம். வீட்டில் சௌந்தரவல்லி அத்தை. இங்கே அவள் மாணவி. தமயந்தி இந்தக் கோயம்புத்தூர் ரைஃபிள் கிளப்பின் பயிற்சியாளர், மாநிலப் போட்டியில் இரண்டு தடவை மெடல் வாங்கியவள்.

"இந்தக் கம்பிக் கதவைத் தாண்டி உள்ள வந்துட்டா நான் சொல்றதுதான், அத்தை" என்று முதல் நாளே சொல்லியிருந்தாள்.

"உத்தரவுங்க வாத்தியாரம்மா" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள் மாமியார்.

கேலிதான். ஆனால் கட்டிய கையை அவிழ்க்கவில்லை.

சௌந்தரவல்லிக்கு ஐம்பத்தெட்டு வயது. தாண்டிக்குடி மலையில் காப்பியும் மிளகுமாக எட்டு ஏக்கர் தோட்டம். நடுவில் ஓட்டு வீடு. பக்கத்து வீடு என்று ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் ஒன்றரை மைல் நடக்க வேண்டும். புருஷன் போன வருஷம் போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து கோயம்புத்தூரில் இருக்கிற மகன் திலீபன் ஒரே பிடியாகப் பிடிக்கிறான். தோட்டத்தைக் குத்தகைக்கு விடு, எங்களோடு வந்து இரு. இவள் மாட்டேன் என்று ஒரே பிடி. அம்மாவும் மகனும் ஒரே அச்சு, யார் யாரைக் குறை சொல்ல?

சண்டை நடந்து நடந்து கடைசியில் அப்பாவின் ரிவால்வரில் வந்து நின்றது.

"அதோட லைசென்ஸ் உம் பேருக்கு மாறட்டும், நீ அதைப் பிடிச்சுச் சுடவும் கத்துக்கோ. அஞ்சு சுட்டு அதுல நாலை வட்டத்துக்குள்ள போட்டுட்டா நான் வாயே திறக்கலம்மா. போடலைன்னா நீ பெட்டியக் கட்டு" என்று சொல்லிவிட்டான் திலீபன்.

ஞாயிற்றுக்கிழமை தானே வந்து பார்ப்பதாகவும் சொல்லியிருந்தான்.

இன்று சனிக்கிழமை. காலையிலிருந்து இருபது தோட்டா சுட்டாயிற்று. வட்டம் சாப்பாட்டுத் தட்டு அளவு. இருபதடி தூரம். உள்ளே விழுந்தது இரண்டு. மற்றதெல்லாம் கீழே இருந்த மண்மேட்டுக்குப் போனது.

ரிவால்வர் பார்க்கச் சின்னது. குழல் ஒரு விரல் நீளம்கூட இருக்காது, உள்ளங்கையில் அடங்கிவிடும். ஆனால் அது தின்கிற தோட்டா பெரியது. சுட்டால் குழல் வாயிலிருந்து ஒரு முழத்துக்குத் தீ வருகிறது. காதுமூடியை மீறிக்கொண்டு காது கிண்ணென்கிறது. கட்டைவிரல் அடியில் தோல் சிவந்து கன்றிப்போயிருந்தது. சௌந்தரவல்லி அதை முந்தானையில் மறைத்து வைத்திருந்தாள்.

"கையைக் காட்டுங்க."

"கைக்கு என்ன? கையெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

தமயந்தி வற்புறுத்தவில்லை. ரிவால்வரை வாங்கினாள். முதுகைத் திருப்பிக்கொண்டு நின்று தோட்டா போட்டாள். திரும்பிக் கொடுத்தாள்.

"சுடுங்க, அத்தை."

சௌந்தரவல்லி இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். மூச்சை அடக்கினாள். விசையை அழுத்தினாள்.

'டிக்' என்றது.

சத்தம் இல்லை, தீ இல்லை. துப்பாக்கியின் வாய் மட்டும் ஒரு சாண் கீழே போய்த் தரையைப் பார்த்தது. அவளுடைய இரண்டு கண்ணும் மூடியிருந்தன. தோள் காது வரைக்கும் ஏறியிருந்தது. பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது.

மெல்ல ஒரு கண்ணைத் திறந்தாள்.

"சுடலையே!"

"சுடலை. உள்ள இருந்தது வெறும் கூடு. முன்னாடியே சுட்டது."

"அப்ப நான் எதுக்குடி குதிச்சேன்?"

தமயந்தி ரிவால்வரை வாங்கிக் கூட்டை எடுத்துவிட்டு மேஜைமேல் வைத்தாள். பிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றி மாமியார் கையில் கொடுத்தாள்.

டம்ளர் நடுங்கியது. கொடுத்தவள் அதைப் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள். நல்ல பெண்தான் என்று அந்த நேரத்தில் சௌந்தரவல்லிக்குத் தோன்றியது. சொல்லவில்லை. சொன்னால் தலைமேல் ஏறிக்கொள்வாள்.

டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. திலீபன்.

"என்னம்மா, எப்படிப் போகுது?"

"எப்படிப் போகும்? ஜோராப் போகுது!"

"நேத்து ராத்திரி இங்க வந்து தங்கியிருக்கலாம்ல? எதுக்கும்மா பொள்ளாச்சிக்குப் போய்ச் சித்தி வீட்டுல தங்கற?"

"உங்க வீட்டுல தங்கினா அப்படியே அமுக்கி உக்கார வச்சிருவே. எனக்குத் தெரியாதா உன்னைய?"

"சுடறதெல்லாம் சரி. ஆனா நிதானமா யோசிச்சுப் பாரும்மா. தனியா அந்தக் காட்டுல..."

அவ்வளவுதான். டம்ளரை டங்கென்று வைத்தாள்.

"என்னடா யோசிக்கச் சொல்றே? எனக்கென்ன பயமா? புலியே வந்தாலும் எதுக்க நிப்பேன்டா நான்! எம் மண்ணுடா அது! உன் எட்டாவது மாடியில வந்து கம்பியைப் பிடிச்சுக்கிட்டு வேடிக்கை பார்க்கணுமா? ஆளைப் பாரு!"

அந்தப் பக்கமும் குரல் உயர்ந்தது. இந்தப் பக்கம் அதற்கு மேல் உயர்ந்தது. வேலிக்கு வெளியே மேய்ந்துகொண்டிருந்த ஆடு ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது. இருபது தோட்டாவுக்கும் அது நிமிரவில்லை.

போன் அணைந்தது.

"ஒரு வருஷமா தொண்டை கிழியக் கத்தறேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவன் காதுல ஏறியிருக்குமா? உன் புருஷனுக்கு அப்படியே எங்க மாமனார் காது" என்றாள் சௌந்தரவல்லி.

"என்கிட்ட சொல்லாதீங்க. இங்க நான் யார் கட்சியும் இல்ல."

தமயந்தி பையிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்துப் பெரிய தோட்டாவுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்தாள். அதைவிட ஒரு நெல்மணி உயரம் குறைவு.

"இதுவும் இதே துப்பாக்கியில போகும், அத்தை. மருந்து கம்மி. கையை அடிக்காது."

சௌந்தரவல்லி அதைத் தொடக்கூட இல்லை.

"கடுகு சிறுத்தாலும் காரம் போகாதுன்னு ஆரம்பிச்சிராத. அதெல்லாம் எனக்கும் தெரியும்."

"நான் ஒண்ணுமே சொல்லலையே."

"இது பிள்ளைங்க சுடற தோட்டா. உங்க மாமா பெருசுதான் வச்சிருந்தார். நாளைக்கு உன் புருஷன் வந்து நிக்கறப்ப இது டப்புனு தீபாவளித் துப்பாக்கி கணக்கா வெடிச்சா என்ன நினைப்பான்? அம்மாவுக்குத் தெம்பு போச்சுன்னு நினைப்பான். இந்தத் துப்பாக்கி பெருசைத் தாங்கும்ல?"

"தாங்கும்."

"அப்ப பெருசையே போடு."

தமயந்தி எழுந்து போய், குறியட்டைக்குப் பின்னால் ஒட்டுகிற வெள்ளைச் சார்ட் ஒன்றைக் கொண்டுவந்தாள். சுடுகிற மேஜைக்கு முன்னால், துப்பாக்கியின் வாய்க்குக் கீழே, தரையில் விரித்தாள். நாலு மூலைக்கும் கல் வைத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு. பெருசு. சுடுங்க."

சௌந்தரவல்லி சுட்டாள். தீ பறந்தது. குண்டு மண்மேட்டுக்குப் போனது. "சனியனே" என்று துப்பாக்கியைத் திட்டிவிட்டு அதைக் கீழே வைத்தாள்.

தமயந்தி துப்பாக்கியைக் காலியாக்கினாள். சார்ட்டை நாலு ஓரமும் தூக்கிப் பிடித்து எடுத்துவந்து மாமியார் முன்னால் வைத்தாள்.

வெள்ளைச் சார்ட் நிறையக் கறுப்புக் கறுப்பாக நொய். அரைகுறையாக இடித்த மிளகைச் சிந்தினாற்போல இருந்தது. சௌந்தரவல்லி ஒரு பருக்கையை விரலில் ஒற்றி எடுத்து முகர்ந்து பார்த்தாள். மூக்கைச் சுளித்தாள்.

"என்ன இது?"

"வெடிமருந்து."

"எரியாமலேயே வந்துருச்சா?"

"குழல் குட்டை, அத்தை. இவ்வளவு மருந்தும் எரிஞ்சு முடியறதுக்குள்ள குண்டு வெளியே போயிடும். மிச்சம் வாசல்ல நின்னு எரியும். எரியாதது இப்படிக் கொட்டும். நீங்க பார்த்த தீ, உங்க காதுல கேட்ட சத்தம், உங்க கைக்கு விழுந்த அடி, எல்லாம் அதான்."

"அப்ப குண்டுக்கு அதனால பலமே இல்லையா?"

"இருக்கு. கொஞ்சம் கூடுதலாப் போகும். கொஞ்சம்தான்."

சௌந்தரவல்லி சார்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம்?"

"நீங்க குடுத்ததுல அங்க போய்ச் சேராதது" என்றாள் தமயந்தி.

அதற்குப் பிறகு அன்று வகுப்பு நடக்கவில்லை. மாமியார் பொள்ளாச்சி பஸ் ஏறுகிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. சௌந்தரவல்லி இரண்டு மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தது அந்தக் குடும்பத்தில் அதுவே முதல் தடவை. தமயந்திக்கே கொஞ்சம் பயமாகிவிட்டது. பஸ் கிளம்பும்போது ஜன்னல் பக்கம் ஓடிவந்து, "அத்தை, கோவமா?" என்று கேட்டாள்.

"போடி, வாத்தியாரு மூஞ்சியும் நீயும்" என்றாள் சௌந்தரவல்லி.

தமயந்திக்கு உயிர் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. வெயில் ஏறுவதற்கு முன்னாலேயே திலீபன் வந்து பின்வரிசையில் நின்றான். முகத்தை உம்மென்று வைத்திருந்தான். அம்மாவைப் பார்த்து, "சாப்பிட்டியா?" என்று கேட்டான். "ஆச்சு" என்றாள் அம்மா. அத்தோடு பேச்சு முடிந்தது.

மேஜைமேல் தட்டில் ஐந்து பெரிய தோட்டாவும் ஐந்து சின்னத் தோட்டாவும் இருந்தன. தமயந்தி தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.

சௌந்தரவல்லியின் கை முதலில் பெரியதற்குத்தான் போனது. பிள்ளை பார்த்துக்கொண்டு நிற்கிறான். ஒன்றைத் தூக்கினாள், கொஞ்ச நேரம் வைத்திருந்தாள், திரும்ப வைத்துவிட்டாள். வெட்கமாகத்தான் இருந்தது. ஐந்து சின்னதை எடுத்துப் போட்டாள்.

முதல் குண்டு வட்டத்தின் ஓரத்தை விட்டு வெளியே போனது. கை பழக்கத்தில் குதித்துவிட்டது.

இரண்டாவதற்கு விசையை அழுத்தினாள். டப். அவ்வளவுதான். கண் திறந்தே இருந்தது. அட்டையில் துளை விழுந்ததை அவளே பார்த்தாள். இத்தனை நாளில் தன் குண்டு போய்ச் சேருவதை அவள் பார்த்தது இல்லை.

டப். டப். டப்.

தமயந்தி போய் அட்டையைக் கழற்றிக்கொண்டு வந்தாள். நாலும் ஒரு கைப்பிடிக்குள் அடங்கியிருந்தன. மெடல் வாங்கிய நாளில்கூட அவள் முகம் இவ்வளவு மலர்ந்ததில்லை.

திலீபன் அட்டையை வாங்கிப் பார்த்தான். இந்தப் பக்கம் திருப்பினான், அந்தப் பக்கம் திருப்பினான்.

"நல்லாத்தான் சுடறே" என்றான்.

"ம்."

"ஆனாலும்மா..."

வாயே திறக்க மாட்டேன் என்றவன் திறந்துவிட்டான்.

"அட்டை சும்மா நிக்கும்மா. ஆளு நிப்பானா? இந்த வயசுல, தனியா, அந்தக் காட்டுல, யாரைப் போய்ச் சுடப் போறே? நாலு துளை போட்டுட்டா எனக்குத் தூக்கம் வந்துருமா? சொல்லு."

சௌந்தரவல்லிக்கு வாக்குத் தவறிப் பேசறியேடா பாவி என்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. கம்பி வேலிக்கு வெளியே ஆடு தலையைத் தூக்கியது. தமயந்தி குனிந்து ரிவால்வரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

சௌந்தரவல்லி மூச்சை விட்டாள்.

"உக்காருடா" என்றாள்.

பக்கத்தில் இருப்பவனுக்கு மட்டும் கேட்கிற குரல். திலீபன் பதறிப்போய்விட்டான்.

"என்னம்மா? உடம்புக்கு முடியலையா? தமயா, தண்ணி எடு!"

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல. உக்காரு."

உட்கார்ந்தான்.

"எனக்கு அங்க பயமாத்தான்டா இருக்கு" என்றாள்.

அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். பிறந்ததிலிருந்து இந்த வார்த்தையை அந்த வாயிலிருந்து அவன் கேட்டதில்லை.

"பொழுது சாஞ்சா தாழ்ப்பாளை மூணு தடவை போய்ப் பார்க்கறேன். உங்கப்பா செருப்பை வாசல்லயே விட்டு வச்சிருக்கேன், ஆம்பளை இருக்கற மாதிரி தெரியட்டும்னு. ஆனா விடிஞ்சா எனக்கு அங்க வேலை இருக்குடா. மிளகுக் கொடிக்குத் தண்ணி பாய்ச்சணும், காப்பியக் காய வைக்கணும், வேலையாளுங்களுக்குக் கஞ்சி ஊத்தணும். நாலு பேர் என்னைய அம்மான்னு கூப்பிட்டு என்ன பண்றதுன்னு கேப்பாங்க."

மேஜைமேல் இருந்த தட்டைத் தள்ளி வைத்தாள்.

"உங்க வீட்டுல நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிருவீங்க. நான் பகல் பூரா அந்தக் கதவையே பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பேன். எனக்கு அந்தப் பயம்தான்டா பெருசா இருக்கு."

திலீபன் கையில் இருந்த அட்டையின் ஓரத்தைச் சுருட்டினான். பிரித்தான். திரும்பவும் சுருட்டினான். கண்ணைச் சட்டைத் தோளில் துடைத்துக்கொண்டான். சௌந்தரவல்லி அவன் முதுகில் கை வைத்தாள். கை நடுங்கவில்லை.

அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"அம்மா, தோட்டத்துல ஒரு நாய்க்குட்டி கொண்டுவந்து விடட்டுமா?"