பதினாறுகால் வைத்தியசாலையும் மன்னரின் வலது காலும்

செவ்வல்கோட்டை எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். இந்தக் கதை முடிகிறவரைதான் அது இருக்கும். அந்த ஊரை ஆண்டவர் சூரியபூபதி. தங்கமான மனுஷர்தான், ஆனால் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் விடமாட்டார்.

அவருடைய பாட்டனார் கட்டிய வைத்தியசாலை ஒன்று ஊர் நடுவில் இருந்தது. பதினாறு கருங்கல் தூண்கள் தாங்கும் ஒரே பெரிய கூடம். அதனால் பதினாறுகால் வைத்தியசாலை என்று பெயர். அந்த வருஷம் காய்ச்சல் பரவி, கட்டிலுக்கு இரண்டு பேராகப் படுத்துக் கிடந்தார்கள். ஒருவர் தும்மினால் மற்றவர் கீழே விழுந்தார். மேலே ஒரு மாடி எழுப்பியே தீரவேண்டும் என்றார் மன்னர்.

மன்னரின் மந்திரியான தானாபதி வல்லபருக்கு இது நல்ல சமயமாகப் பட்டது. அரசவை விகடர் குழைக்காதர் மேல் அவருக்கு வெகு நாளாகவே வயிற்றெரிச்சல். சபையில் வாய் கிழியப் பேசுகிறவர் கட்டடமும் கட்டிக் காட்டட்டுமே என்று எடுத்துக்கொடுத்தார். மன்னரும் தலையாட்டிவிட்டார்.

குழைக்காதர் கொத்தனார்களோடு போய்ப் பார்த்தார். இருக்கிற கூரையைத் தாங்கியே மூன்று தூண்களில் விரிசல் விட்டிருந்தது. அவற்றில் பெரிய விரிசலுக்கு நேர் கீழே, இடுப்புவலியோடு படுத்திருந்தவர் அவருடைய சொந்த மாமியார் ஆவுடையம்மாள். மாடி இடிந்து விழுந்தால், மருமகன் திட்டம் போட்டுத்தான் கட்டினான் என்று ஊர் சொல்லும். ஊரையாவது சமாளித்துவிடலாம். மனைவியைச் சமாளிக்க அவரால் ஆகாது.

ஆகவே சபைக்கு ஓடிவந்து யோசனை சொன்னார். சுவருக்கு வெளியே புதுத் தூண்களை நிறுத்தலாம். பழைய கூரையைத் தொடாமல், அதற்கு மேலாக உத்தரம் போட்டு அதன்மேல் மாடி கட்டலாம். கீழே வைத்தியம் பாட்டுக்கு நடக்கும், கஞ்சியில் தூசிகூட விழாது.

தானாபதி உடனே முட்டுக்கட்டை போட்டார். பாட்டனார் வைத்த எண் பதினாறு, பதினேழாவது கால் வந்தால் பரம்பரைப் பெயர் என்னாவது என்று கேட்டார். மன்னர் அதைப் பிடித்துக்கொண்டார். குழைக்காதர் மூன்று முறை எடுத்துச் சொல்லியும் பலனில்லை.

"நோயாளி எவரும் கட்டிலை விட்டு நகரக்கூடாது. புதுக்கால் ஒன்றுகூட அங்கே வரக்கூடாது. இருக்கிற காலே தாங்கட்டும்" என்று மன்னர் ஆணையிட்டுவிட்டு, ஊஞ்சலிலிருந்து விழுந்து சுளுக்கிக்கொண்ட வலது காலைத் தடவினார். மறுநாள் காலையில் வைத்தியசாலைக்குப் போய் வைத்தியச்சி மாதவடியாளிடம் காட்ட வேண்டும் என்று முனகினார். மாதவடியாள் அரண்மனைக்கு வரமாட்டாள். நோய்தான் தன்னைத் தேடி வரவேண்டும் என்பது அவளுடைய பிடிவாதம்.

குழைக்காதர் சட்டென்று கும்பிட்டார். ஆணையை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மன்னரின் பல்லக்கு வந்து இறங்கியது. வாசலில் குழைக்காதர் கோலோடு நின்றார்.

"நில்லுங்கள், மகாராஜா. புதுக்கால் உள்ளே வரக்கூடாது. தங்கள் ஆணை."

"என்னுடையது புதுக்காலா?"

"இடது கால் பழைய கால்தான். போன ஐப்பசியில் முள் குத்தி இங்கேதான் கட்டுப் போட்டுக்கொண்டது. வலது கால்தான் புதிது."

"அன்றைக்கும் வலது காலோடுதானே ஐயா வந்தேன்?"

"அன்று அது துணைக்கு வந்தது. இன்று நோயாளியாக வந்திருக்கிறது."

சுற்றிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. சொந்த ஆணையைத் தானே மீறினால் மானம் போய்விடும். மன்னர் பல்லைக் கடித்துக்கொண்டு இடது காலை மட்டும் வாசற்படிக்கு உள்ளே வைத்தார். வீங்கிய வலது கால் வெளியே தொங்கியது. உடம்பு முன்னும் பின்னும் ஆடியது. பல்லக்குத் தூக்கிகள் பிடிக்க ஓடிவந்தார்கள். குழைக்காதர் கோலை நீட்டித் தடுத்தார்.

"முட்டுக் கொடுத்தால் அதுவும் புதுக்கால்தான். இருக்கிற காலே தாங்கட்டும்."

தானாபதிக்குப் பொறுக்கவில்லை. இந்த விகடரைச் சிறையில் போடுங்கள் என்று காதில் ஓத, மன்னரின் தோளில் கை வைத்துச் சாய்ந்தார். தானாபதி கையை வைத்தால் பின்னாலேயே தானாபதி முழுவதும் வந்து சேருவார். அவ்வளவு சரீரம். மன்னர் கீழே, தானாபதி மேலே என்று இருவரும் மடமடவென்று சரிந்தார்கள். நோயாளிகள் எல்லோரும் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள். கட்டிலை விட்டு மட்டும் ஒருவரும் நகரவில்லை.

"என் பாரத்தையே தாங்க முடியாமல் தவித்த கால் ஐயா அது, அதன்மேல் நீர் வேறு ஏறினால்..." என்று கத்திய மன்னர் பாதியில் நிறுத்தினார். படுத்தபடியே மேலே பார்த்தார். எதிரே தூணில் விரிசல் தலைகீழாகத் தெரிந்தது. அதன் அடியில் ஆவுடையம்மாள் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். மன்னருக்கு வியர்த்துவிட்டது.

"புதுக்கால் எத்தனை வேண்டும்?" என்றார் மெல்ல.

"பன்னிரண்டு, மகாராஜா. எல்லாம் சுவருக்கு வெளியே. உள்ளே பாட்டனாரின் பதினாறு பதினாறாகவே இருக்கும்."

"நிறுத்தும். இதை நேற்றே எனக்குப் புரிகிற மாதிரி சொல்லியிருக்கக் கூடாதா?"

"மூன்று முறை சொன்னேன், மகாராஜா. நேற்றெல்லாம் நீங்கள் ஒற்றைக் காலில் நின்றீர்கள். இன்றைக்குத்தான் கீழே இறங்கி வந்திருக்கிறீர்கள்."

மன்னர் சிரித்த சிரிப்பில் சுளுக்கு இன்னும் கொஞ்சம் கூடியது. வலது காலில் ஏறாமல் இடுப்பில் செருகியிருந்த தங்கத் தண்டையை எடுத்துக் குழைக்காதரிடம் நீட்டினார். இன்னொரு தண்டை எங்கே என்று ஆவுடையம்மாள் உள்ளிருந்து கேட்டார்.

"அது இடது காலில் இருக்கிறதம்மா" என்றார் மன்னர். "பழைய கால். அதில் கை வைக்க உம் மருமகனே விடமாட்டார்."